திண்டிவனத்துப் பவளமும் நீல டியூப்லைட்டும்

எலக்ட்ரிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பல்பு வாங்க வருகிற யாரும் சிரித்த முகமாக வருவதில்லை. புடவைக் கடைக்குக் குடும்பத்தோடு போவார்கள், நகைக் கடைக்கு நல்ல நேரம் பார்த்துப் போவார்கள். நம்மிடம் மட்டும் இருட்டில் காலை இடித்துக்கொண்டு, வீட்டில் வசவும் வாங்கிக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். பல்பை ஃபியூஸ் ஆக்கியதே நாம்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று காலம் தள்ளிய என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

எண்பதுகளில் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் அப்பாவுக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் கடை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு, ஜாதகம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க, வீட்டில் சும்மா இருந்தேன். அப்பாவுக்கு ஒயரிங் வேலைக்கு வெளியே போக வேண்டும். அதனால் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, உள்ளே யாராவது ஆம்பளை இருக்கிறாரா என்று தேடுவார்கள். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடமே சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. டாக்டர் கிளினிக்கில் ஒன்று, லாட்ஜில் ஒன்று, கல்யாண வீட்டில் பரிசாக ஒன்று. தொட்டியை விற்றவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே மூடியில் எரிகிற லைட் போனால் மட்டும் எல்லாரும் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

கையில் வந்த அளவு

மீன் தொட்டி லைட்டில் என்ன தொல்லை என்றால், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு நீளம். பழைய டியூபைக் கொண்டு வாங்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். யார் கேட்டார்கள்? 'இவ்ளோ நீட்டு இருக்கும்மா' என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். அந்த நீட்டும் ஆளுக்கு ஆள், பொய்க்குப் பொய் மாறும்.

ஒருநாள் ஒரு ஆள் மார்க்கெட் பக்கமிருந்து இரண்டு கையையும் விரித்தபடியே நடந்து வந்தார். எதிரே வந்த சைக்கிளுக்குக்கூடக் கையை மடக்காமல், பக்கவாட்டில் திரும்பி வழி விட்டார். வீட்டில் தொட்டி மூடியில் கையை வைத்து அளந்து, அப்படியே அசைக்காமல் கொண்டு வந்திருக்கிறார். பாவம், எனக்கே மரியாதை வந்துவிட்டது. முனையில் ஒரு பின்னா இரண்டு பின்னா என்று கேட்டேன். மனுஷன் யோசிக்கிற சாக்கில் தலையைச் சொறிந்துவிட்டார். சொறிந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போச்சு போ. மறுபடியும் வீட்டுக்குப் போயி கையை வெச்சிக்கினு வரணும்."

லட்டுக்கு ஏற்ற வெளிச்சம்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வீட் ஸ்டால் வைத்திருந்தவர் தனகோடி அண்ணன். கண்ணாடி அலமாரிக்கு மேலேயே மீன் தொட்டி. அதற்கு நூறு வாட் சிவப்பு பல்பு போட்டிருந்தார். தொட்டித் தண்ணீர் வெந்நீராகி, தங்க மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. வாரா வாரம் புது மீன் வாங்கிப் போடுவாரே தவிர, பல்பை மாற்ற மாட்டார். போகிற வழியில் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நானே ஒருநாள் குட்டி நீல பல்பு ஒன்றைக் கொண்டு போய்க் கொடுத்து, இதைப் போடுங்கள் அண்ணே, மீன் பிழைக்கும் என்றேன். சலித்துக்கொண்டே மாட்டினார்.

அடுத்த நாளே பல்போடு கடைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தொட்டி வெளிச்சம் கீழே இருக்கிற ஜாங்கிரி, லட்டு மேலெல்லாம் விழும். சிவப்பு வெளிச்சத்தில் அவை தகதகவென்று இருந்திருக்கின்றன. மனுஷன் அத்தனை நாளும் லட்டுக்குத்தான் லைட் போட்டிருக்கிறார், மீனுக்கு இல்லை.

"மீனு நல்லாத்தாம்மா கீது. லட்டுதான் பூசணம் பூத்த மாதிரி தெரியுது."

பஸ்ஸில் வந்த கடல்

பழைய டியூபைக் கையோடு கொண்டு வந்த ஒரே வாடிக்கையாளர் ரெஜினா அக்காதான். திண்டிவனத்தில் வீட்டிலேயே தையல் கிளாஸ் நடத்தினார். பழைய வாயில் புடவையில் சுற்றி, தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தார். இரண்டடி டியூப். மேலே சிங்கப்பூர் எழுத்து. பார்த்தால் நம்ம ஊர் டியூப் மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது. எரிந்தால் மட்டும் நீலமாக எரியுமாம். வெல்டிங் பட்டறையில் தெரியுமே, அந்த மாதிரி நீலம் என்றார். திண்டிவனத்தில் எல்லாக் கடையும் கையை விரித்துவிட்டதால் விழுப்புரத்துக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

எந்த மீனுக்கு அக்கா இந்த லைட் என்று கேட்டேன். மீனே இல்லையாம், பவளமாம். மோதிரத்தில் வைக்கிற கல் இல்லைங்க. கடலுக்கடியில் பாறை மாதிரி வளர்கிற உயிருள்ள பவளம். வெளிச்சம் பட்டால் அதன் மேலே பொடிப் பொடியாக விரல் நீட்டுமாம். அந்த வெளிச்சம்தான் அதற்குப் பாதிச் சோறு. அவர் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை செய்தார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீரிலேயே இருப்பவர். போன லீவில் தூத்துக்குடிப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர் கொடுத்த பவளத்தைப் பால் கேனில் போட்டு ரயிலில் கொண்டு வந்து, சிங்கப்பூர் லைட் மாட்டி, நடு வீட்டில் தொட்டி வைத்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். அதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, கடல் தண்ணீர்தான் வேண்டும். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வருகிற மீன்காரம்மா, மீன் கூடையோடு ஒரு கேன் கடல் தண்ணீரும் கொண்டு வந்து கொடுப்பாராம். கடல் தண்ணீருக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா கூடாதா என்று கண்டக்டருக்கும் அந்தம்மாவுக்கும் தினமும் சண்டையாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. ஒரு கல்லுக்காக இவ்வளவு பேஜாரா அக்கா, தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். டியூபை மறுபடியும் புடவையில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் இது உசுரோட இருந்தா, கப்பலை வுட்டுட்டு கரையிலயே இருந்துடுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு செல்வி. எனக்கு அந்தக் கல்லு வேணாம். மனுசன் வேணும்."

நீலம் போட்ட டியூப்

அதற்கப்புறம் எனக்கு அந்த டியூபைத் தவிர வேறு நினைப்பில்லை. அப்பாவையும் சும்மா விடவில்லை. அப்பா அனுபவஸ்தர், முதலில் அலட்சியமாகச் சொன்னார்: நீலம்தானே வேண்டும், பண்ணிவிடலாம். கறுப்பு வெள்ளை டி.வி.க்கு முன்னால் மாட்டுவார்களே நீலக் கண்ணாடித்தாள், அதை வெட்டிச் சாதாரண டியூபில் சுற்றிக் கொடுத்தார். ரெஜினா அக்கா சந்தோஷமாக வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்தார். தொட்டி நீலமாகத்தான் இருக்கிறது, பவளம் மட்டும் விரலை நீட்டவில்லை என்றார்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேட்டிக்குப் போடுகிற நீலத்தை எடுத்து வந்து, கெட்டியாகக் கரைத்து, டியூப் மேல் தூரிகையால் பூசிக் காய வைத்தார். அம்மா வெளுத்த துணிக்கு நீலம் தேடி, கிடைக்காமல் கத்தியது தனிக் கதை. அந்த டியூபும் திண்டிவனம் போயிற்று. போன வேகத்தில் சேதியும் வந்தது. பவளம் இன்னும் சுருங்கி, காபித் தூள் நிறம் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

யோசித்துப் பார்த்தால் சின்ன விஷயம். வெள்ளை வெளிச்சத்தின் மேல் நீலம் பூசினால் நீலம் கூடாது, வெளிச்சம்தான் குறையும். நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்ததே தவிர, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் நாங்கள் வழித்து எடுத்துவிட்டோம். பட்டினி கிடந்த உயிரின் தட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா நீலம் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மனுசனைக் கலரு காட்டி ஏமாத்தலாம்மா. கல்லை முடியல."

பிள்ளைக்கு வைத்த விளக்கு

எங்கள் தெருக்கோடியில் ஒரு பிரசவ நர்சிங்ஹோம். அங்கே கம்பவுண்டர் மணி, சோக் போனாலும் ஸ்டார்ட்டர் போனாலும் எங்களிடம்தான் ஓடி வருவார். ஒருநாள் ஏதோ லைட் மினுக்குகிறது என்று வந்தார். அப்பா இல்லை. ஸ்டார்ட்டர் மாற்றத் தெரிந்தவள் என்பதால் நானே போனேன். உள் அறையில் ஒரு சின்னக் கட்டில், அதற்கு மேலே நாலு டியூப், கீழே கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பச்சைக் குழந்தை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் இந்த வெளிச்சத்தில் போடுவார்களாம். அறை முழுக்க நீலம். வெல்டிங் பட்டறை நீலம். இரண்டடி டியூப்.

ரெஜினா அக்கா அடுத்த முறை வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவுச் சந்தில் பார்த்தவுடனே இதேதான், இதே நீலம்தான் என்றார். கண் கலங்கிவிட்டது. நர்சம்மாவிடம் இந்த டியூப் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். மெட்ராஸில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் என்றார். எதற்கு என்று கேட்டார். பவளத்துக்கு என்றேன். பவளம் என்றால் என்ன என்று விளக்கினேன். விளக்கி முடிக்கும் வரை அந்தம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காமாலைப் புள்ளைக்கு வெச்ச லைட்டைக் கல்லுக்குக் கேக்கறீங்களே, நீங்கல்லாம் நல்லாத்தான இருக்கீங்க?"

ஒரே ஒரு டியூப்

மெட்ராஸ் கடையில் ஒன்றுதான் இருந்தது. அடுத்தது பம்பாயிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்பா அதை வைக்கோல் சுற்றி, அட்டைக் குழாயில் வைத்து, பாசஞ்சர் வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். செங்கல்பட்டில் ஏறிய கூட்டத்தில் டியூபைக் காப்பாற்றியதைப் பெருமையாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜினா அக்காவுக்குச் சொல்லி அனுப்பினோம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. பவளம் முக்கால்வாசி வெளுத்துவிட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, இப்போது மாட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கையோடு வந்தார். டியூபை எங்கள் கடையிலேயே எரியவிட்டுப் பார்த்தோம். கவுன்ட்டரெல்லாம் நீலம். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதைக் கழற்றிப் புடவையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கம்பவுண்டர் மணி வந்தார். காலையில் எங்கள் தெருவில் ஹை வோல்டேஜ் வந்து பல வீட்டில் பல்பு வெடித்திருந்தது. நர்சிங்ஹோமில் குழந்தை விளக்கில் மூன்று டியூப் போய்விட்டது, மிச்சம் ஒன்றை வைத்து ஒன்றும் ஆகாது, நீல டியூப் எத்தனை இருந்தாலும் கொடுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் தோளில் துண்டோடு ஒருவர் வாசலிலேயே நின்றார். முகையூர்ப் பக்கத்து விவசாயி. உள்ளே படுத்திருப்பது அவர் குழந்தை. பாண்டிச்சேரிக்குக் கொண்டு போகக் கார் சொல்லியிருக்கிறார்களாம், கார் வரும் வரைக்குமாவது வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

கடையில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையது இல்லை. உண்மையைச் சொன்னால், அக்கா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட மாட்டாரா என்றுகூட ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. அவர் எத்தனை மாதமாக அலைகிறார் என்று எனக்குத்தானே தெரியும். ரெஜினா அக்கா அந்த விவசாயியைப் பார்த்து, மூத்த குழந்தையா என்று கேட்டார். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இல்லீங்க. மூத்ததுக்கும் இதே மஞ்சதாங்க வந்துச்சு. தங்கலீங்க."

அக்கா சுற்றின புடவையைப் பிரிக்கவேயில்லை. அப்படியே மணி கையில் கொடுத்துவிட்டார்.

"ஜல்தி போங்க. ஒடைச்சிடாம எடுத்துக்கினு போங்க."

பிள்ளைகள் வரிசை

இரண்டு டியூபில் குழந்தையை வைத்திருந்தார்கள். சாயங்காலம் கார் வந்து பாண்டிச்சேரி போயிற்று. பிழைத்துக்கொண்டது. டியூபைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று நான் மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன், இன்னொன்று. அந்த மார்கழியில் விழுப்புரத்துக் குழந்தைகளெல்லாம் என்னைப் பழி வாங்குவதற்கென்றே மஞ்சளாகப் பிறந்த மாதிரி இருந்தது. நானும் விடாமல் போய் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவேன். கடைசியில் ஒருநாள் நர்சம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

"நீ வர்றப்பல்லாம் எனக்குப் பயமா இருக்குதும்மா. இந்தப் புள்ளையையும் எறக்கச் சொல்லுவியோன்னு."

கிறிஸ்துமஸ் கழிந்து

ரெஜினா அக்கா மறுபடி வந்தபோது பொங்கல் நெருங்கிவிட்டது. கரும்புக் கட்டு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவர் நிதானமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளை டியூப் ஒன்று கொடு, இரண்டடி என்றார். தொட்டியிலிருந்த சிங்கப்பூர் லைட் மூடியைத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டாராம், ஊசியில் நூல் கோக்க வசதியாக இருக்கிறதாம். பவளம் வீட்டுக்காரர் வருவதற்கு முன்னாலேயே முழுக்க வெளுத்துவிட்டது. எலும்பு மாதிரி ஆகிவிட்டது என்றார்.

அவர் கோபப்பட்டாரா அக்கா என்று கேட்டேன். கோபமே படவில்லையாம். தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனால் போகட்டும் என்றாராம். பயந்து பயந்து டியூப் கதையை இவர் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே கேக்கைச் சாப்பிட்டாராம். பிறகு சாதாரணமாகச் சொன்னாராம்: பம்பாயில் இறங்கின அன்றைக்கே அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அப்படியானால் அன்றைக்குச் சொன்ன வார்த்தை? அப்படிச் சொன்னால்தான் நீ கல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாய் என்று சும்மா சொன்னேன் என்றாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஆளை நேரில் நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. எத்தனை பஸ், எத்தனை கேன் கடல் தண்ணீர், எவ்வளவு நம்பிக்கை. கேட்க முடியாமல் நான்தான் கவுன்ட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ரெஜினா அக்கா அழவில்லை. எழுந்து வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். வெள்ளை டியூபை எரிய வைத்துக் காட்டச் சொல்லி, சரியாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். கிளம்பும்போதுதான் சொன்னார்.

"கல்லு பொழைச்சிருந்தாலும் அவரு போயிருப்பாரு செல்வி. நல்லவேளை, அந்த லைட்டு நாலு புள்ளைங்களுக்காவது எரிஞ்சுது."

சோக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் கூட கியாரண்டி கேட்டுச் சண்டை போடுகிற ஜனங்களோடு காலமெல்லாம் மல்லுக்கு நின்ற நம்மில் ஒருத்திக்கும், வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தைக்கு ஒரு கியாரண்டி கார்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள்.